நாலு சுவர் ஃபோமும் பதினோரு கேசட்டும்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், செருப்பைக் கழற்றி, சலாம் சொல்லி, உட்காருவதற்கு முன்னால் அவர் ஒரு தடவை கைதட்டுவார். ஒரே தடவை, பட்டென்று. தட்டிவிட்டு இடது காதைக் கொஞ்சம் மேலே தூக்கி, கூரையில் பல்லி தேடுகிறவரைப் போல நிற்பார். பிறகு தீர்ப்பு வரும்.

"ரூம் சரியில்ல."

புது வீடு கட்டி ஆசையாகக் கூப்பிட்டவர்களின் முகம் செத்துப்போகும். தரைக்கு வழவழவென்று கல் பதித்திருப்பார்கள், சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். "இன்னா மாமா கொறை?" என்று பயந்துபோய்க் கேட்டால், "பேசுனா பேச்சு திரும்பி வருது. ஏதாவது துணி கட்டு" என்பார். யாராவது சொன்னது அவருக்குப் பிடிபடாவிட்டாலும் இதே வார்த்தைதான். போனில் பேசினால் கூட, "நீ இருக்கற ரூம் சரியில்ல, வெளியில வந்து பேசு" என்பார். நான் வெயிலில் நின்று கத்துவேன்.

திட்டக்குடியில் ஒரு நிக்காஹ். மண்டபத்துக்குள் நுழைந்ததும் வழக்கம்போலத் தட்டிவிட்டார். நிக்காஹ் நடத்தி வைக்க வந்த ஹஜ்ரத் அப்போதுதான் பயான் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தியிருந்தார். மாப்பிள்ளைக்கு ஏதோ பாராட்டு என்று நினைத்து முன்வரிசையில் நாலு பேர் தட்ட, அவர்களைப் பார்த்து நாற்பது பேர் தட்ட, ஹஜ்ரத் மைக்கைப் பிடித்தபடி திகைத்துப்போனார். கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டதற்கே கைதட்டல் வாங்கியவன் எனக்குத் தெரிந்து அந்த ஒரு மாப்பிள்ளைதான். இவர் எதையும் கவனிக்காமல் என் பக்கம் குனிந்தார்.

"மண்டபம் படு மோசம் மாப்ள. ஓதறது ஒண்ணுமே பிடிபட மாட்டேங்குது."

எனக்கு ஒவ்வோர் எழுத்தும் பிடிபட்டது. அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். முதல் பந்தியில் இடம் கிடைக்குமா என்கிற பயத்தில் இருந்ததால் யோசிக்கவில்லை.

பெயர் வேண்டாம். என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா. சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் போகிற ரோட்டை ஒட்டி வீடு. பதினெட்டு வருஷம் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். ஆள் உயரத்துக்கு மேலே நின்று நாள் பூரா இரைகிற கம்ப்ரஸர்கள், அவற்றின் பக்கத்திலேயே நாற்காலி. வரும்போது இரண்டு பெரிய ஸ்பீக்கரும், இரட்டைக் கேசட் போடுகிற ஒரு டேப்பும், பதினோரு கேசட்டும் கொண்டுவந்தார்.

அந்தக் கேசட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் கடிதத்துக்குப் பதில் கேசட் போகும். ஊரிலிருந்து யாராவது விமானம் ஏறினால் அவர் பெட்டியில் ஊறுகாய், கருவாடு, நாலைந்து வீட்டுக் கேசட். டேப்பை நடுக்கூடத்தில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வரிசையாகப் பேசுவார்கள். அம்மா அழுவார், தம்பி வாட்ச் கேட்பான், பிள்ளை அரபி எழுத்து அலிஃப் பா ஒப்பிக்கும். கடைசியில் எல்லோரும் எழுந்துபோய் மருமகளிடம் இரண்டு நிமிஷம் டேப்பை விடுவார்கள். எழுந்து எங்கே போவார்கள்? திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். அங்கேயே நிற்பார்கள். அதனால் மாமி அந்த இரண்டு நிமிஷமும் கிசுகிசுவென்றுதான் பேச முடியும்.

கேசட் போய்ச் சேர்கிற இடம் எட்டுப் பேர் தங்குகிற ரூம். மாமா டேப்பை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்து தலையோடு போர்வையைப் போர்த்திக்கொள்வார். வெளியே மிச்சம் ஏழு பேரும், "பாய் குடும்பம் நடத்தறாரு, யாரும் தும்மாதீங்கடா" என்பார்களாம். ஏசி வேறு லாரி மாதிரி இரையும். அம்மாவின் அழுகை கேட்கும், தம்பியின் வாட்ச் கேட்கும், பிள்ளையின் அலிஃப் பா கேட்கும். கடைசி இரண்டு நிமிஷம் மட்டும் பிடிபடாது.

"என்னமோ சொல்லியிருக்கா மாப்ள. பதினோரு கேசட்லயும் கடைசியில சொல்லியிருக்கா. ஒரு தடவை கூட நான் ஒழுங்கா கேட்டதில்ல. மௌத்தாவறதுக்குள்ள கேட்டுடணும்" என்பார். சொல்லும்போது அறுபத்தெட்டு வயது முகத்தில் ஒரு வெட்கம் ஏறும். பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

"மாமி வூட்லதானே இருக்காங்க. கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டேனே. துவா ஓதுனேன்ங்கறா."

அடுக்களையிலிருந்து மாமியின் குரல் வந்தது. "ஓதுனேன்தான். அல்லா ஏத்துக்கல."

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. கேட்டால்தானே சிரிப்பார்.

எனக்குக் கடலூர் முதுநகரில் குஷன் கடை. சோபா, ஆட்டோ சீட், பைக் சீட். மனிதர்கள் உட்காரும் பகுதிக்கு மட்டும் நான் பொறுப்பு. ஃபோமை விரலால் அழுத்திப் பார்த்து எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அது காதுக்கும் உதவும் என்பதை மாமா ஒருநாள் கடைக்கு வந்து செல்போனில் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் ரூம் பூராவும் ஃபோமைக் கூர்கூராக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். காடாம்புலியூர்ப் பலாப்பழத்தை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு அதற்குள் குடியிருப்பது மாதிரி இருந்தது.

"இந்த மாதிரி பண்ணிட்டா ரூம் செத்துடும் மாப்ள. ஸ்பீக்கர்ல இருந்து வர்ற குரல் மட்டும் நேரா நமக்கு வரும். எதிரொலி கெடையாது. வெட்டிக் குடு."

மூன்று நாள் வெட்டினேன். குட்டியானை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு சிதம்பரம் கிளம்பினால், புதுச்சத்திரம் தாண்டி ஒரு கட்டு அவிழ்ந்து நாலு ஷீட் வயலில் பறந்து விழுந்தது. இறங்கிப் போவதற்குள் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அதன் மேல் உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு குஷன் கடைக்காரன் என்ன கேட்க முடியும்? திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டேன்.

பின்பக்கத்து ரூம், பத்துக்குப் பதினொன்று. பழைய பெட்டிகளை வெளியே போட்டுவிட்டு, ரப்பர் பசை தடவி நாலு சுவருக்கும் கூரைக்கும் ஒட்டினோம். பசை நெடியில் இரண்டு பேருக்கும் தலை சுற்றியது. மாமி வாசலில் வந்து நின்றார்.

"வூடு கட்டுனப்ப ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வுடல என்னை. சுவரு கெட்டுடுமாம். இப்ப மெத்தையைத் தூக்கி சுவத்துக்குப் போட்டுட்டு மனுசன் பாயில படுக்கறாரு."

"சும்மா இருங்க மாமி, உங்க குரலைக் கேக்கத்தான் இவ்வளவு பாடு."

"நான்தான் தெனம் கத்திக்கிட்டு இருக்கேனே. அந்தக் குரலுக்கு இன்னா கேடு?"

ஒட்டி முடித்துக் கதவைச் சாத்தினோம். மாமா கைதட்டினார். தலையணையில் அடித்த மாதிரி பொத்தென்று விழுந்து அங்கேயே செத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத்தான் கெட்ட நேரம். அந்த அமைதியில் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. நாலாவது அடியை அது விட்டுவிட்டதாகத் தோன்றியது. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். கபர்க் குழிக்குள் இப்படித்தான் இருக்கும், முதல் நாள் வாடகைக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தபோது வேர்த்துக் கொட்டியது.

அப்போது வெளியே மாமி கூப்பிட்டார். "டீ ஆறுது, வாங்க ரெண்டு பேரும்." தெளிவாகக் கேட்டது. வெங்காயம் நறுக்குவது கேட்டது. குக்கர் விசில் அடித்தது, இரண்டு, மூன்று.

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? வெளி சத்தம் ஒரு பொட்டு உள்ள வரல."

ஃபோம் வெளிச் சத்தத்தைத் தடுக்காது. ரூமுக்குள் சுவருக்குச் சுவர் மோதித் திரிகிற சத்தத்தைத்தான் தின்னும். எங்கள் கடையில் ஆள் உயர ஃபோம் அடுக்குக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, வாடிக்கையாளர் என்னைத் திட்டுவதை முழுசாகக் கேட்டிருக்கிறேன். குக்கர் நாலாவது விசில் அடித்தது.

"ஆமா மாமா, வரல" என்றேன்.

அந்த வாரத்திலிருந்து என் காதில் 'ங்ங்' என்று ஒரு சத்தம். மாமாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஃபிரிட்ஜாக இருக்குமோ என்று பிளக்கைப் பிடுங்கினேன். மீன் கெட்டது, சத்தம் போகவில்லை. கடையில் ஃபேனை நிறுத்தினேன். வாடிக்கையாளர் போனார், சத்தம் போகவில்லை. முழுச் செவிடாகி, பின்னால் வருகிற பஸ் ஹாரன் கேட்காமல் அடிபட்டு, மய்யித்துக்கு வந்தவர்கள் "நல்ல ஆளு, நிறைய கிண்டல் பண்ணுவான்" என்று சொல்லிக் கலைந்து போவது வரைக்கும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சிதம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் போவதென்று முடிவு பண்ணி, மாமாவைத் துணைக்கு வரச் சொன்னேன். அப்படியே அவருக்கும் ஒரு சோதனை எடுத்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு தந்திரம்.

காது சோதிக்க அங்கே ஒரு சின்னக் கூண்டு இருந்தது. கண்ணாடி ஜன்னல், கனமான கதவு, உள்ளே சுற்றிலும் ஃபோம். மாமா கதவைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினார். பிள்ளை பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி முகம் மலர்ந்தது.

"இதான் மாப்ள ரூம்."

சோதிக்கிற பெண் பொறுமைசாலி. "ஐயா, நீங்களும் உக்காருங்க. அஞ்சே நிமிஷம். ஹெட்போன்ல சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும், அவ்ளோதான்."

அவர் திரும்பவில்லை. நான் தோளைத் தொட்டுச் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு? ரூம் நல்லா இருந்தா எனக்கு எல்லாம் கேக்கும்" என்றவர், விரல்கணுவை வைத்து ஃபோமின் கனத்தை அளந்துகொண்டிருந்தார். "மூணு இன்ச்சு. நாம ரெண்டு போட்டோம். அங்கதான் தப்பு."

கடைசியில் சோதனை எனக்குத்தான் நடந்தது. காதில் அழுக்கு. எடுத்துவிட்டார்கள். 'ங்ங்' போய்விட்டது. "இருபது வயசுக் காது சார் உங்களுக்கு" என்று சிரித்தது அந்தப் பெண். நான் துள்ளிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அது குரலைத் தணித்துக்கொண்டு, "அப்பாவை ஒரு நாள் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க சார். நான் கூப்பிட்டப்ப ஒரு தடவை கூடத் திரும்பல. மிஷின் வச்சா நல்லா கேக்கும்" என்றது.

அவர் எனக்கு அப்பா இல்லை, மாமா என்று திருத்தினேன். அவ்வளவுதான் செய்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். ஆனால் அவர் மூன்று இன்ச்சு ஃபோமைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். ஒரு ஆளிடம் போய், உன் சுவரில் ஒன்றும் கோளாறு இல்லை, கோளாறு உன்னிடம்தான் என்று எப்படிச் சொல்வது? எனக்கு யாராவது அப்படிச் சொன்னால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

"உன் காது நல்லாருக்குன்னாங்களா?" என்றார்.

தலையாட்டினேன்.

"அப்ப சரி. மூணு இன்ச்சு ஒட்டுனதும் நீ வந்து உக்காந்து கேளு. இளசு காது. கேட்டுச் சொல்லு."

பழைய ஃபோமுக்கு மேலேயே மூன்று இன்ச்சு ஒட்டினோம். ரூம் பத்துக்குப் பதினொன்றிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. மாமி அடுக்களையில் கறிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தார். மாமா என்னை ரூமுக்கு நடுவே நாற்காலியில் உட்கார வைத்து, முதல் கேசட்டைப் போட்டுவிட்டு எதிரே நின்றுகொண்டார்.

சேவல் கூவியது. அம்மா அழுதார். தம்பி வாட்ச் கேட்டான். பிள்ளை ஒப்பித்தது. ஆட்கள் எழுந்து போகிற சத்தம், திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் நகர்கிற சத்தம். பிறகு, ஸ்பீக்கருக்குள்ளே யாரோ வாயை ஒட்ட வைத்த மாதிரி ஒரு சின்னப் பெண்ணின் கிசுகிசுப்பு.

"போதுங்க. வந்துடுங்க. எது இருக்கோ அத வச்சு இங்கயே இருந்துக்கலாம். எனக்கு இங்க முடியல."

டக்கென்று நின்றது. அவர் அடுத்த கேசட்டைப் போட்டு, தேய்ந்த பென்சிலால் குறித்து வைத்திருந்த இடத்துக்கு ஓட்டினார். அதேதான். மூன்றாவதில் "வந்துடுங்க" மட்டும் மூன்று தடவை. ஏழாவதில் அதைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பதினோராவதில் வார்த்தையே இல்லை. இரண்டு நிமிஷமும் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் ஓடியது. கேட்டுக் கேட்டு விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அந்தப் பதினோராவது கேசட்டுக்கு அப்புறமும் மாமா அங்கே பத்து வருஷம் இருந்தார்.

"இன்னா மாப்ள சொல்றா?" என்றார். அந்த வெட்கம் முகத்தில் ஏறி நின்றது.

வருகிற வழியெல்லாம் வண்டியில் கிண்டல் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். 'இதெல்லாம் கல்யாணம் ஆன மருமவன்கிட்ட கேக்கற விஷயமா', 'மாமி பலே ஆளு' என்று நாலைந்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"எனக்கும் பிடிபடல மாமா" என்றேன். "ரூம் இன்னும் சரியில்ல."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். டேப்பை அணைத்தார்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போனேன். மாமி சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமி."

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"நல்லது. அப்ப கேக்காதது இப்ப கேட்டு இன்னா ஆவப் போவுது? அழுவாரு. அழுதா பிரஷர் ஏறும்." அடுப்பைத் தணித்தார். "சாப்ட்டுட்டுப் போ. தேங்காச் சோறு இருக்கு."

சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். பயந்தால் எனக்குப் பசிக்கும்.

அடுத்த வாரமே போன் வந்தது. "இன்னொரு சுத்து ஒட்டணும் மாப்ள. இந்தத் தடவை நாலு இன்ச்சு."

இதற்குள் நான் செல்போனில் படித்திருந்தேன். ஃபோம் தவில் மாதிரி கனத்த சத்தத்தை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. 'ஸ்ஸ்', 'ஷ்ஷ்' மாதிரி மெல்லிய சத்தத்தைத்தான் முதலில் தின்னும். கிசுகிசுப்பு என்பது முழுக்க மெல்லிய சத்தம். மாமாவின் காதில் போயிருந்ததும் அதேதான். காது விட்டுவைத்ததை ஃபோமும், ஃபோம் விட்டுவைத்ததைக் காதும் தின்றுகொண்டிருந்தன.

"போதும் மாமா. ஜாஸ்தி ஒட்டுனா பேச்சு இன்னும் அமுங்கிடும்" என்று வெயிலில் நின்று கத்தினேன்.

"எடுத்துட்டு வா" என்றார்.

எடுத்துப் போனேன். ஒட்டினேன். ரூம் எட்டரைக்கு ஒன்பதரை ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவர் என்னைக் கேட்கக் கூப்பிடவே இல்லை. தினம் மதியம் லுஹர் தொழுதுவிட்டு உள்ளே போய் டேப்பைப் போட்டுக்கொண்டு உட்காருவாராம். மாமி போனில் சொல்வார். "உள்ள நான் பேசறேன், வெளியிலயும் நான் பேசறேன். ரெண்டையும் கேக்கற ஆளு ஒண்ணு."

மாமி பின்பக்கம் குழாயடியில் வழுக்கி விழுந்தது அந்த மாதிரி ஒரு நண்பகலில். இடுப்பு எலும்பு. எழ முடியவில்லை. கூப்பிட்டிருக்கிறார். அந்த நேரத்தில் தெருவில் மீன் விற்றுக்கொண்டு வந்த அம்மாவுக்குக் கேட்டு, கூடையைப் போட்டுவிட்டுப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அம்மா என்னிடம் சொன்னது.

"தெரு முனைக்கே கேட்டுச்சுண்ணே. அரை மணியா கூப்புடறேன்னு அழுவுது அந்தம்மா. உள்ள போயி அந்த மெத்தை ரூம்பு கதவத் தொறந்தா, பத்தடி தூரத்துல பாய் கண்ண மூடிக்கினு ஒக்காந்திருக்காரு. டேப்பு ஓடுது. அதுலயும் ஒரு பொம்பளை குரலு."

சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் ஃபோமைத்தான் திட்டினார்கள். "ரூமை அப்படி அடைச்சு வச்சா மனுசனுக்கு எப்படிக் கேக்கும்?" "உயிரோட ஒரு ஆளை மெத்தைக்குள்ள தச்சு வச்சிருக்கான் இவன்." இவன் என்பது நான். ஒருவர் என் கையிலிருந்த டீயை வாங்கி வேறு ஆளுக்குக் கொடுத்தார்.

ஃபோம் சத்தத்தைத் தடுக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொழில் தெரிந்தவன் நான். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி அவர் காதுக்கு வரும். அதற்கடுத்த கேள்வி, உனக்கு எப்போது தெரியும் என்று எனக்கு வரும். வாயை மூடிக்கொண்டேன். பழியை ஏற்றுக்கொண்ட பெரிய மனுஷன் மாதிரிச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

உள்ளே மாமி ஏதோ சொல்ல, மாமா குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று தடவை கேட்டார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "இந்த ரூம் சரியில்லம்மா. ஒண்ணுமே பிடிபடல. சுவத்துல ஒரு பெட்ஷீட் கட்ட முடியுமா?" என்றார். நர்ஸ் என்னைப் பார்த்தது. மாமியும் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மாமி பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார். தண்ணீருக்குக் கட்டைவிரல். புரட்டிப் படுக்க வைக்க ஒரு கையசைப்பு. வலித்தால் கண்ணை இறுக்கி மூடுவார், மாமா காலைப் பிடித்துவிடுவார். ஊர் முழுக்க வாயாடி என்று பெயர் வாங்கியவர், கடைசி இரண்டு மாதத்தை விரலால் பேசி முடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஆட்கள் போயிருந்த நேரத்தில் மௌத்தானார். மாமா பக்கத்தில்தான் இருந்தார். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று எல்லோரும் கேட்டார்கள். வாய் அசைந்தது என்றார் மாமா.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மாமா என்னை மட்டும் இருக்கச் சொன்னார். பின் ரூமுக்குப் போனால், பாதிச் சுவரில் ஃபோம் இல்லை. கையில் மாமியின் தோசைத்திருப்பி. அதைச் சுவருக்கும் ஃபோமுக்கும் நடுவே விட்டு நெம்பிக்கொண்டிருந்தார். பசை விடாமல் பிடித்திருந்தது. என் வேலை எப்போதும் கெட்டி.

"எடுத்துட்டுப் போயிடு மாப்ள. சீட்டுக்கு ஆவும்."

நானும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன். சுவரில் பட்டி பட்டியாகப் பெயிண்ட் உரிந்து வந்தது.

"வெளியூர்ல இருக்கற பையன் காது மிஷின் அனுப்பறேங்கறான். வேணாம்னுட்டேன்."

அவர் முகத்துக்கு நேரே போய், உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். "ஏன் மாமா? வச்சா நல்லா கேக்கும்."

"அதான் வேணாங்கறேன். காது போனது எனக்குத் தெரியாதா? கம்பெனியிலயே தெரியும். அங்க யார்கிட்ட சொல்றது? சொன்னா டிக்கெட் போட்டு அனுப்பிடுவான்." நெம்பிக்கொண்டே பேசினார். "அன்னைக்கு உனக்குக் கேட்டுச்சு."

நான் கையிலிருந்த ஃபோமைப் பார்த்தேன்.

"நல்ல வார்த்தையா இருந்தா நீ வுட்டிருப்பியா? ஊரு பூரா சொல்லிச் சிரிச்சிருப்பே. என் பேத்திக்குக் கூட போன் பண்ணிச் சொல்லியிருப்பே. நீ பேசாம உக்காந்திருந்தே. அப்புறம் ரூம் சரியில்லன்னே."

ஃபோமை இழுத்த இடது தோள் சுளீரென்றது. மாரடைப்பின் முதல் அறிகுறி இப்படித்தான் இருக்கும் என்று எங்கோ படித்தது அந்த நேரத்திலும் ஞாபகம் வந்தது. அப்படி ஒரு பிறவி நான்.

"அப்புறம் ஏன் மாமா நாலு இன்ச்சு ஒட்டச் சொன்னீங்க?"

"குரலு போதும். வார்த்தை தப்பித் தவறிக் கேட்டுடக் கூடாதுன்னுதான்."

தோசைத்திருப்பியில் ஒட்டியிருந்த பசையை விரலால் வழித்து வேட்டியில் துடைத்தார். பிறகு கூரையைக் காட்டினார்.

"அந்த மூலை எனக்கு எட்டல. ஏறிப் பிச்சுடு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ஆடியது. அவர் குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.